பூஜ்யம் போட்ட வீடுகள்

பியோ ஜம்னேக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று மூன்றாவது வளாகத்தில் யாரும் கேட்பதில்லை. அறுபத்தொரு வயது. வலது முட்டி தேய்ந்துவிட்டது. விடியுமுன் எழுந்து சியோலுக்குப் போய், பதினெட்டு மாடி அலுவலகக் கட்டிடம் ஒன்றில் ஐந்து மாடிகளின் கழிப்பறைகளைக் கழுவிவிட்டு வருகிறாள். இப்படி ஒருத்திக்குக் கோபம் வரவில்லை என்றால்தான் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். ஆனால் நான் சொல்லப்போகிற வருஷத்தில் அவள் கோபம் முழுவதும் ஒரே இடத்தில் போய் நின்றது. வளாகத்துக்குப் பின்னால் ஓடுகிற ரயில்மேல்.

ஓடுகிற ரயில்தான், நிற்கிற ரயில் இல்லை. அதுதான் விஷயமே. ஹன்பிட் புதுநகரில் அரசாங்க வாடகை வீடுகள் கொண்ட மூன்றாவது வளாகம், தண்டவாளத்தை ஒட்டியே கட்டப்பட்டது. சத்தத்தைத் தடுக்க ஒரு உயரமான சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி. ஜம்னேயின் பன்னிரண்டாவது மாடி ஜன்னலில் நின்றால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் செல்போனில் என்ன பார்க்கிறார்கள் என்பது வரைக்கும் தெரியும். ஏறத்தான் முடியாது. ஒன்பது வருஷத்துக்கு முன் குலுக்கலில் வீடு விழுந்தபோது கொடுத்த வண்ணப் புத்தகத்தில், வளாக வாசலிலேயே ஸ்டேஷன் படம் போட்டிருந்தார்கள். ‘ஐந்து நிமிட நடை.’ கீழே, எறும்பு படிப்பதற்கென்று அச்சடித்த அளவில், ‘திட்டம் மாறுதலுக்குட்பட்டது.’

“ஐந்து நிமிஷத்துல நடந்து சுவத்துல முட்டிக்கலாம்” என்பாள் ஜம்னே.

அவள் தெற்கே ஜொல்லா என்கிற மாகாணத்திலிருந்து பதினாறு வயதில் சியோலுக்கு வந்தவள். முதலில் சவுரி முடி செய்கிற தொழிற்சாலை, அப்புறம் கல்யாணம், ஒரு பையன். சுவர் பூசுகிற வேலை பார்த்த புருஷன் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். மீன் உருண்டை சூப் விற்கிற தள்ளுவண்டியை வைத்துப் பையனை வங்கி வேலை வரைக்கும் படிக்க வைத்தாள். ஒலிம்பிக் என்றார்கள், வண்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உலகக் கோப்பை என்றார்கள், மறுபடியும் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு தடவையும் லாரிக்கு முன்னால் படுத்தவள் அவள். மூன்றாவது வண்டி வாங்கத் தெம்பில்லாமல் துடைப்பத்தைக் கையில் எடுத்தாள்.

வேலை ஆறு மணிக்கு ஆரம்பம். அலுவலகக்காரர்கள் வருவதற்குள் கழிப்பறையும் தெரியக்கூடாது, கழுவுகிறவளும் தெரியக்கூடாது. அதற்கு நாலு பத்துக்குப் புறப்படுகிற பதினைந்தாம் நம்பர் பஸ்தான் ஒரே வழி. ஊர் ஊராகச் சுற்றி ஒன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதே ரயில் வாசலில் நின்றால் இருபத்தெட்டு நிமிஷம். முதல் வண்டி ஐந்துக்குச் சற்று முன்னால் அந்தச் சுவரைத் தாண்டுகிறது. ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். அறுபத்தொரு வயது முட்டிக்கு அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெரிது என்பது எட்டு மணிக்கு எழுகிற மகராசன்களுக்குப் புரியாது.

அந்த பஸ்ஸில் அவளுக்கு ஒரு துணை உண்டு. ஓ பொக்ஹி. 304-ஆம் கட்டிடம், ஐந்தாவது மாடி. பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் துப்புரவு வேலை. அவித்த முட்டை இரண்டு கொண்டுவருவாள். ஒன்றை உரித்து ஜம்னேயின் கையில் வைத்துவிட்டு, அவள் தோளிலேயே தலையைச் சாய்த்து வாயைப் பிளந்து தூங்கிப் போவாள். ஒன்பது வருஷமாக அப்படித்தான். இரண்டு பேரும் சொந்த அக்காள் தங்கையைவிட ஒட்டுதல்.

பஸ் நிறைய இப்படிப்பட்ட பெண்கள். எல்லாருமே மூன்றாவது வளாகம். ஆனால் பகலில் இவர்களைப் பார்த்தால் ஒரு சந்தேகமும் வராது. மூன்று மணிக்குத் திரும்பி, குளித்து, உதட்டுச் சாயம் பூசி, கடைக்குப் போகிற பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் நின்றால் அத்தனை பேரும் வீட்டோடு இருக்கும் மகராசிகள்தான். “என்ன பண்றீங்க?” என்று யாராவது கேட்டால், பதில் தயாராக இருக்கும். “நானா? வீட்ல சும்மா விளையாடிட்டு இருக்கேன்.” எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அம்மா வீட்டில் சும்மா இருக்கிறாள் என்றால் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள் என்று அர்த்தம். அம்மா கழிப்பறை கழுவுகிறாள் என்றால் பையனுக்கு வருகிற சம்பந்தம் வாசலோடு திரும்பிப் போகும். எனவே மூன்றாவது வளாகத்தில் வேலை பார்க்கிற பெண்ணே கிடையாது. பஸ்ஸில் ஏறுகிறவர்கள் பேய்கள்.

அந்த வருஷம் மார்ச்சில் நகராட்சி ஒரு அறிவிப்பு செய்தது. ஹன்பிட்டுக்கு ஸ்டேஷன் வரும். ஓடிக்கொண்டிருக்கிற பாதையில் புதிதாக ஸ்டேஷன் கேட்டால், கேட்பவர்தான் செலவைப் போட வேண்டும் என்பது ரயில்வேயின் சட்டம். நகராட்சியிடம் அவ்வளவு பணம் கிடையாது. மத்திய அரசு பாதி தரும். ஆனால் ஒரு வோன் பணம் போட்டால் குறைந்தது ஒரு வோன் அளவுக்கு ஜனங்களுக்குப் பலன் உண்டு என்று ஆய்வில் காட்ட வேண்டும். பலனைச் செலவால் வகுத்தால் ஒன்று வர வேண்டும். ஒன்றுக்குக் கீழே போனால் ஒரு காசு கிடையாது. ஸ்டேஷனை நடத்துகிற செலவுக்கு என்ன வழி என்று கேட்டதற்கு நகராட்சி ஒரு வழி சொன்னது. ஸ்டேஷன் வந்தபின் பதினைந்தாம் நம்பர் பஸ் தேவையில்லையே, அதை நிறுத்திவிட்டு அந்த மானியத்தை இதில் போட்டுவிடலாம்.

இடம் இரண்டு. ஒன்று மூன்றாவது வளாக வாசல். இன்னொன்று ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, சொந்த வீட்டுக்காரர்களின் ‘பிரைம் ஹில்’ அடுக்கு மாடிகளுக்கு எதிரே இருக்கிற முள்ளங்கி வயல். அங்கே ஒரு கடைத்தொகுதி கட்டப்போகிற கம்பெனி, ஸ்டேஷன் தன் பக்கம் வந்தால் கொஞ்சம் பணம் போடுவதாகச் சொல்லியிருந்தது.

பிரைம் ஹில்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஸ்டேஷன் வந்தால் வீட்டு விலை எவ்வளவு ஏறும் என்று விரல்விட்டுக் கணக்குப் போட்டவர்கள். சிவப்புச் சட்டை, நெற்றியில் பட்டை, மாடிக்கு மாடி பதாகை. நகராட்சி வாசலில் நாலு ஆண்கள் வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, டிவிக்காரர்கள் முன்னால் தலையை மழித்துக்கொண்டார்கள். அதில் அவர்கள் சங்கத் தலைவருக்கு மழிக்கவே ஒன்றும் இல்லை. இருந்தாலும் கத்தி மரியாதைக்கு ஒரு சுற்று சுற்றி வந்தது, அவரும் கண்ணீர் விட்டார். டிவியில் பார்த்த ஜம்னே சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போனாள்.

ஏப்ரலில் வீட்டுக்கு வீடு கணக்கெடுத்தார்கள். ஜூன் கடைசியில் லிஃப்டுக்குள் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பிரைம் ஹில் இடம்: 1.03. மூன்றாவது வளாக வாசல்: 0.71. இறுதி முடிவுக்கு முன் ஜூலை இருபத்தேழாம் தேதி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம்.

ஜம்னே லிஃப்டை விட்டு இறங்காமல் மூன்று தடவை மேலும் கீழும் போய்வந்து படித்தாள். அப்புறம் தாளைப் பிய்த்து எடுத்துக்கொண்டு நேராக வளாகச் சங்கத் தலைவர் ஹோவின் அறைக்குப் போனாள். ஹோ ஓய்வு பெற்ற காவலாளி, நல்ல மனுஷன், எந்தத் தாளையும் மூக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க மாட்டார்.

“தலைவரே, இது என்ன அநியாயம்? அங்க ஆளுக்கு ரெண்டு கார் நிக்குது. ரயில்ல போறது யாரு? நாம. ஒன்னுக்கு மேல அவங்களுக்கா?”

“கத்தாதீங்க ஜம்னேம்மா. இங்க பாருங்க, சங்கத்துக்கு வந்த அறிக்கையில காரணம் போட்ருக்கான்.” ஹோ விரலை வைத்துப் படித்தார். “மூன்றாவது வளாகத்தில் வெளியூர்ப் பயணம் மிகக் குறைவு. பெண்கள் பெரும்பாலும் வேலையில்லாதவர்கள். ஒரு நாளைக்கு வெளியே போகிற தடவை, பூஜ்யம். வீடு வீடா அப்படித்தான் எழுதிக் குடுத்துருக்காங்க.”

“பூஜ்யமா?”

“பூஜ்யம். அம்மா யாரும் எங்கயும் போறதில்ல. அப்புறம் ரயில் எதுக்குன்னு கேக்கறான். கேட்டா தப்பா?”

ஜம்னேக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. ஸ்டேஷன் அந்த முள்ளங்கி வயலுக்குப் போகும், பஸ்ஸும் நிற்கும். ஒன்றரை கிலோமீட்டரை, அதுவும் மேம்பாலப் படி ஏறி இறங்கி, இந்த முட்டியோடு தினம் நடக்க வேண்டும். ஒரு மாதம் தாங்கும். இரண்டாம் மாதம் கண்காணிப்பாளன் வேறு ஆளைப் போட்டுவிடுவான். வேலை போனால் பையன் கையை எதிர்பார்க்க வேண்டும். அது சாவதைவிட மோசம் என்பது அவளுடைய கட்சி.

“எந்த மடச்சிங்க பூஜ்யம் எழுதுனாளுங்கன்னு நான் பாக்கறேன்” என்று கிளம்பினாள்.

நாலு நாள் கதவு கதவாகத் தட்டினாள். 301-இல் ஒருத்தி, “என் பையன் எழுதினான் அக்கா, எனக்கென்ன தெரியும்” என்றாள். 302-இல் ஒருத்தி, “பக்கத்து வீட்டுக்காரி நின்னுட்டு இருந்தா, அவ முன்னால எப்படிச் சொல்றது?” என்றாள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரியும் அதே பஸ்ஸில்தான் வருகிறாள். ஒருத்திக்கொருத்தி தினமும் பஸ்ஸில் பார்த்துக்கொண்டே, வாசலில் நின்று ஒருத்திக்கொருத்தி மறைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜம்னேக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

“வெக்கமா இல்ல? திருடவா போறீங்க? கழுவத்தானே போறீங்க!” என்று நடைபாதையில் நின்று கத்தினாள். பட்டென்று கதவுகள் சாத்திக்கொண்டன.

கடைசியாக 304-க்குப் போனாள். பொக்ஹி கதவைத் திறந்து, அவளை உள்ளே இழுத்து, மறுபடி மூடினாள்.

“நீயும் பூஜ்யம்தானே?” என்றாள் ஜம்னே.

“ஆமா.”

“ஏன்டி?”

“ஏன்னு உனக்குத் தெரியாதா? என் சின்னவளுக்கு இலையுதிர் காலத்துல கல்யாணம் பேசிட்டு இருக்கோம். பையன் வீடு பிரைம் ஹில். அவன் அம்மா என்னை என்னன்னு நினைச்சுட்டு இருக்கா தெரியுமா? பூ அலங்காரம் சொல்லிக் குடுக்கறவன்னு. என் பொண்ணு அப்படிச் சொல்லி வச்சிருக்கா. இப்ப நான் போய், இல்லீங்க, நான் பிள்ளைங்க மூத்திரம் துடைக்கறவன்னு எழுதிக் குடுக்கவா?”

“பஸ்ஸு நின்னா உன் வேலையும் போகும்.”

“போனா போகட்டும். என் பொண்ணுக்கு நடக்கட்டும்.” பொக்ஹியின் கண் கலங்கிவிட்டது. “அக்கா, நீ என்ன வேணா பண்ணு. கூட்டத்துல போய் ஆடு, பாடு. என்னை மட்டும் இழுக்காத. உன் கால்ல விழறேன். என் பேரு வரக்கூடாது.”

“உன் பேரு எனக்கு எதுக்கு? கோழைங்க பேரை வாயில எடுக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு ஜம்னே கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனாள். மறுநாள் பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள், வேறு இடம் இல்லாததால். முட்டை வரவில்லை. தோளில் தலையும் சாயவில்லை.

நகராட்சியில் போக்குவரத்துப் பிரிவு மூன்றாவது மாடி. அங்கே ஜின் என்று ஒரு இளம் அதிகாரி. கோபமாக வருகிறவர்களுக்குப் பார்லி டீ கொடுத்து உட்கார வைக்கக் கற்றுக்கொண்டவன்.

“உங்க கணக்கு பொய்” என்றாள் ஜம்னே. டீயைத் தொடவில்லை. “எங்க வளாகத்துலேருந்து ஒரு பஸ் நிறைய நாலு மணிக்கே போறோம். உங்க ஆளுங்க பஸ் ஸ்டாப்புல ஏழு மணியிலிருந்து ஒன்பது வரைக்கும் நின்னு எண்ணியிருக்காங்க. நாங்க அதுக்குள்ள ரெண்டு மாடி முடிச்சுருவோம். அந்தப் பூஜ்யம் போட்ட பேப்பரை எல்லாம் எடுங்க. எவ எவ எழுதியிருக்கான்னு நான் பாக்கணும்.”

“மத்தவங்க படிவத்தைக் காட்ட முடியாதும்மா, சட்டம். உங்க வீட்டுதை மட்டும் வேணா காட்டலாம்.”

“என்னுதை எதுக்குப் பாக்கறது? நான் என்ன பொய்யா எழுதியிருப்பேன்? சரி, காட்டுங்க, அப்படியாவது நம்புவீங்களான்னு பாப்போம்.”

ஜின் தேடி எடுத்து, மேசையில் அவள் பக்கம் திருப்பி வைத்தான். 303-ஆம் கட்டிடம், 1207. பியோ ஜம்னே, பெண், 61. தொழில்: இல்லை. ஒரு நாளில் வெளியே செல்லும் பயணங்கள்: 0. கீழே கையெழுத்து. கோணல் மாணலாக, ஆனால் சந்தேகமில்லாமல், அவளுடையதுதான்.

அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. மருமகளின் அம்மா, யுன் சம்பந்தியம்மா, ஒரு பெட்டி ஸ்ட்ராபெரியோடு முதல் தடவையாக வீட்டுக்கு வந்திருந்தார். பிரைம் ஹில்லில் இருப்பவர். பையன் கல்யாணத்தின்போதே, “எங்கம்மா இப்ப வேலைக்கெல்லாம் போறதில்ல” என்று அவரிடம் சொல்லிவைத்திருந்தான். அதைக் கேட்டு அன்றைக்குக்கூட ஜம்னேக்கு எரிச்சல்தான். இருந்தாலும் மறுத்துப் பேசவில்லை. சம்பந்தியம்மா கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார், வாசலில் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பெண் நிற்கிறாள். “வேலைக்குப் போறீங்களாம்மா?” என்று கேட்கிறாள். கூடத்துக்கும் வாசலுக்கும் பத்து அடிதான். ஜம்னே, உள்ளே காது கேட்கிற மாதிரி சத்தமாகவே, “இந்த வயசுல எனக்கென்ன வேலை? வீட்ல சும்மா விளையாடிட்டு இருக்கேன்” என்று சிரித்தாள். அந்தப் பெண் பேனாவை நீட்டினாள். இவள் வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அத்தோடு மறந்தும் போனாள். அந்தப் பொய்யைச் சொல்வது அவளுக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது.

ஜின் டீயை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் தள்ளினான். அவன் சிரித்திருந்தால்கூட நன்றாயிருக்கும், திட்டியாவது தீர்த்திருப்பாள்.

“இதை மாத்தலாமா?” என்றாள்.

“ஒருத்தர் மாத்தி ஒன்னும் ஆகாதும்மா. இருபத்தேழாம் தேதி கூட்டத்துல சொல்லுங்க. நிறையப் பேர் விட்டுப்போயிருக்காங்கன்னு பதிவாச்சுன்னா மறுபடி கணக்கெடுக்கச் சொல்லி நான் எழுதி அனுப்பலாம். ஆனா அங்க வந்து சொல்லணும். எல்லார் முன்னாலயும்.”

வெளியே வந்து பஸ் நிறுத்தத்துப் பலகையில் உட்கார்ந்தாள். நாலு நாளாகக் கதவு கதவாகப் போய்த் திட்டிய திட்டெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. மடச்சி என்றாள், கோழை என்றாள். முதல் மடச்சி இங்கே உட்கார்ந்திருக்கிறாள். கோபம் தணிந்ததா என்றால் இல்லை. போக இடமில்லாமல் உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. தன் தொடையில் தானே இரண்டு குத்துவிட்டாள். பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பெண்கள் தள்ளிப் போய் நின்றார்கள்.

இருபத்தேழாம் தேதி நகர மண்டபம் நிரம்பி வழிந்தது. முன் வரிசைகள் முழுவதும் பிரைம் ஹில், சிவப்புச் சட்டையில். இரண்டாவது வரிசையில் யுன் சம்பந்தியம்மா, முத்துமாலையோடு. ஜம்னேயைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தி அழகாக வணங்கினார். மூன்றாவது வளாகத்துப் பெண்கள் பின்னால், சுவரை ஒட்டி. என்ன நடக்கிறது என்று பார்க்க வந்தவர்கள்தான், பேச வந்தவர்கள் இல்லை. பொக்ஹியும் இருந்தாள். வராமல் இருந்தால் சந்தேகப்படுவார்கள் என்று வந்திருப்பாள். அவளுடைய வருங்காலச் சம்பந்தி மூன்றாவது வரிசையில்.

ஆய்வு நிறுவனத்து ஆள் திரையில் படம் படமாகக் காட்டினான். 1.03 என்ற எண் வந்ததும் முன்வரிசை கைதட்டியது. கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். ஹோ எழுந்து, தயாரித்து வைத்திருந்த தாளைப் படிக்கத் தொடங்கி, மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஜம்னே மைக்கை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“303, 1207. பேரு பியோ ஜம்னே. என் பேப்பர்ல தொழில் இல்லைன்னு இருக்கு, எங்கயும் போறதில்லைன்னு இருக்கு. நான்தான் கையெழுத்து போட்டேன். அது பொய். நான் தினமும் நாலு பத்து பஸ்ஸுல சியோல் போறேன். கக்கூஸ் கழுவறேன். பன்னெண்டு வருஷமா கழுவறேன்.” அவள் இரண்டாவது வரிசையைப் பார்த்தாள். “சம்பந்தியம்மா, அன்னைக்கு உங்களுக்குக் கேக்கணும்னுதான் அப்படிச் சொன்னேன். நீங்க கொண்டுவந்த ஸ்ட்ராபெரி நல்லா இருந்துச்சு. நான் சொன்னதுதான் அழுகல்.”

யுன் சம்பந்தியம்மா மாலையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். மண்டபத்தில் ஒரு சலசலப்பு.

“கணக்கெடுப்பு முடிஞ்சு போச்சும்மா” என்றான் ஆய்வு நிறுவனத்து ஆள்.

முன்வரிசையில் மொட்டைத் தலைவர் பாதி எழுந்தார். “ஒரு அம்மா கக்கூஸ் கழுவப் போறதுக்கு ஒரு ஸ்டேஷனா? டாக்ஸி வச்சுக் குடுங்கப்பா, மலிவா முடியும்!”

முன்வரிசை சிரித்தது. அந்தச் சிரிப்புதான் தப்பாகப் போயிற்று. அதுவரை ஜம்னேக்குத் தன்மேல்தான் கோபம்.

“ஒரு ஆளா? சரி, எண்ணிக்கோ! ஒன்பது வருஷமா யார் எந்தக் கட்டிடத்துலேருந்து இறங்கி வர்றாங்கன்னு பாத்துட்டுத்தான் இருக்கேன். பேரு சொல்ல மாட்டேன். 301, ஆறு பேர். ரெண்டு பேரு ஆபீஸ், ஒருத்தி சமையல் பாத்திரம், மூணு பேரு நோயாளிக்குப் படுக்கை மாத்தறவங்க. நீ வயசாயி படுத்தா உன்னையும் அவங்கதான் துடைக்கணும், சிரி! 302, ஒன்பது பேர். ஒன்பது! 303, என்னைச் சேத்து ஏழு.”

“வாயை மூடு அக்கா!” என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். இன்னொருத்தி முகத்தைக் கைப்பையால் மறைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். பேர் சொல்லாவிட்டால் என்ன, ஒரே கட்டிடத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியாதா? ஜம்னேக்கும் அது தெரியும். தெரிந்தேதான் சொல்லிக்கொண்டு போனாள். தான் செய்வது சரியா என்று அன்றைக்கும் அவளுக்கு நிச்சயமில்லை, இன்றைக்கும் இல்லை.

“305, நாலு பேர்” என்றாள். வரிசை தப்பி 304-ஐத் தாண்டிப் போயிருந்தாள்.

மேசையில் எழுதிக்கொண்டிருந்த ஜின் தலையை நிமிர்த்தினான். “304 சொல்லலையேம்மா.”

ஜம்னே சுவர்ப் பக்கம் பார்த்தாள். பொக்ஹி சுவரோடு சுவராக ஒட்டி நின்றிருந்தாள். மூன்றாவது வரிசையில் அந்தப் பையனின் அம்மா, யாரைப் பார்க்கிறாள் இவள் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“304,” என்றாள் ஜம்னே, “நாலு பேர்.”

“நாலா, சரி” என்று ஜின் எழுதினான்.

“நாலு இல்ல!”

குரல் கிழிந்துபோய் வந்தது. மண்டபம் முழுவதும் திரும்பியது. பொக்ஹி சுவரை விட்டு இரண்டு அடி முன்னால் வந்திருந்தாள். பார்த்தவர்களுக்கு அவள் யாரையோ அடிக்கப் போகிறாள் என்றுதான் தோன்றியிருக்கும்.

“நாலாடி? ஒன்பது வருஷமா பக்கத்துல உக்காந்து முட்டை உரிச்சுக் குடுத்தவ உனக்கு ஆளா தெரியலியா? இவங்கதான் என்னைப் பூஜ்யம்னு எழுதினாங்க, நீயுமா? யாரு கேட்டா உன் தயவை?”

“நீதானேடி கேட்ட!” என்று மைக்கிலேயே கத்தினாள் ஜம்னே.

“கேட்டா? கேட்டா விட்டுருவியா?” பொக்ஹி அழுதுகொண்டே கத்தினாள். “304-ல அஞ்சு! எழுதுங்க சார், அஞ்சுன்னு எழுதுங்க!”

“அஞ்சாவது யாரும்மா?” என்று ஜின் மெதுவாகக் கேட்டான்.

மூன்றாவது வரிசையில் இருந்த அந்த அம்மாள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நடுவில் உட்கார்ந்திருந்தவர்களின் முழங்கால்களை ஒதுக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், நடைபாதைக்கு வந்து, வாசலை நோக்கி நடந்தாள். பொக்ஹி அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். கதவு மூடுகிற வரைக்கும் பார்த்தாள். அப்புறம் ஜின் பக்கம் திரும்பி, வீட்டு எண்ணையும் பேரையும், என்ன வேலை என்பதையும், ஒவ்வொரு எழுத்தாக அவன் எழுதி முடிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.